பூண்டு சூப்: கிரீமே வேண்டாம், உப்பில் மட்டும் கவனம்

ரத்தக் கொதிப்புக்கு உணவு ஆலோசனை கேட்டு வருபவர்களிடம் "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டால், "வெறும் சூப்தான் மேடம்" என்ற பதில் அடிக்கடி வரும். துருவிக் கேட்டால்தான் தெரியும், அது பாக்கெட் சூப். அடுத்த முறை அந்த உறையின் பின்பக்கத்தில் சோடியம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள், உள்ளே எவ்வளவு உப்பு என்பதற்கு அதுதான் அடையாளம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு டீஸ்பூன்கூட முழுதாக வராது. சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

வீட்டில் செய்தால் உப்பு நம் கையில். கெட்டியாக வர கிரீமோ மைதாவோ சோளமாவோ வேண்டியதில்லை, நன்றாக வெந்த பூண்டே வெண்ணெய் மாதிரி மசியும். இரண்டு பேருக்கு 15 பல் பூண்டு, பாதி வெங்காயம், சின்ன உருளைக்கிழங்கு ஒன்று போதும். சர்க்கரை நோய் இருந்தால் கிழங்குக்குப் பதில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு போடச் சொல்வேன். ஒரு டீஸ்பூன் வெண்ணெயில், சிறு தீயில், பூண்டையும் வெங்காயத்தையும் வதக்குங்கள். பூண்டு இளம்பொன் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கருகினால் சூப் முழுக்கக் கசக்கும், அதற்கு மாற்று இல்லை. கிழங்கும் இரண்டு டம்ளர் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் மூன்று விசில்.

ஆறவிட்டுத்தான் மிக்ஸியில் அரைக்க வேண்டும். சூடாக ஊற்றி மூடியை அழுத்தினால், உள்ளே சேரும் ஆவி மூடியைத் தூக்கியடித்து முகத்திலும் கையிலும் கொதிக்கும் சூப்பைத் தெளிக்கும். அரைத்ததில் அரை டம்ளர் பால் விட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்குங்கள். கால் டீஸ்பூன் உப்பு, தாராளமாக மிளகுத்தூள். காரமும் மணமும் தூக்கலாக வேண்டுமென்றால், இரண்டு பல்லைத் தனியே நசுக்கி 10 நிமிடம் வைத்து, இறக்கும்போது கலக்குங்கள். பூண்டு நசுங்கும்போதுதான் அந்தக் காரத்தையும் மணத்தையும் தரும் அல்லிசின் உருவாகிறது. அதை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு.

உரிக்கும் வேலை மிச்சம் என்று, உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அடுப்பு மேடையிலேயே வைக்கும் பழக்கம் பரவிவருகிறது. தயவுசெய்து வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும், வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இப்படி எண்ணெயில் வைத்த பூண்டால்தான் பாதிக்கப்பட்டார்கள். ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் தரும் புளிப்பு காப்பாற்றுகிறது, வெறும் எண்ணெயில் அந்தக் காவல் இல்லை. உரித்ததை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் பாதி பூண்டோடு தொடங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும், தினமும் நிறைய பூண்டோ பூண்டு மாத்திரையோ எடுப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூண்டு சூப் குடிக்கிறோமே என்று ரத்தக் கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சூப்போடு அதுவும் தொடரட்டும்.