திருத்தம் வந்த பிறகும் திறந்திருக்கும் ஓட்டை

2023 செப்டம்பர் 6 அன்று ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவான சிட்டிசன் லேபும் கூகுளுக்கு ஒரு தகவல் கொடுத்தார்கள். வெப்பி (WebP) வகைப் படங்களை விரித்துக் காட்டும் நிரலில் ஓட்டை இருக்கிறது, அதை யாரோ ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். 11ஆம் தேதி குரோமுக்குத் திருத்தம் வந்தது, மறுநாள் ஃபயர்ஃபாக்ஸுக்கு.

வெறும் படத்தில் அப்படி என்ன ஆபத்து? படத்தைச் சுருக்கும்போது அடிக்கடி வரும் மதிப்புக்குச் சின்னக் குறியீடும் அரிதாக வருவதற்கு நீளமான குறியீடும் கொடுப்பார்கள். இதற்கு ஹஃப்மன் முறை என்று பெயர். படத்தை விரிக்கும்போது பிரவுசர் இந்தக் குறியீடுகளை ஓர் அட்டவணையாகக் கட்டும். அதற்கு அதிகபட்சம் எவ்வளவு மெமரி தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒதுக்கியிருந்தார்கள். ஒழுங்கான படத்துக்கு அந்தக் கணக்கு சரி. வேண்டுமென்றே கோணலாகச் செய்த படத்தில் அட்டவணை அந்த இடத்தைத் தாண்டி, பக்கத்து மெமரியில் போய் எழுதிவிடும். அதன் வழியாகத் தாக்குபவர் தன் நிரலை பிரவுசருக்குள் ஓட்டப் பார்க்கலாம். குறியீடுகள் ஒழுங்கானவையா என்று பார்க்கும் சோதனையும் இருந்தது. ஆனால் அட்டவணையை எழுதி முடித்த பிறகுதான் அது நடந்தது! திருத்தத்தில் வரிசையை மாற்றினார்கள்: முதலில் அளந்து பார், அப்புறம் எழுது.

படத்தை விரிக்கும் வேலை, அதிகாரம் குறைந்த ஒரு தனி அறைக்குள் நடக்கிறது. சாண்ட்பாக்ஸ் என்பார்கள். தாக்குபவர் அதைத் தாண்டி வெளியே வர இன்னொரு ஓட்டை தேவை. இது பெரிய பாதுகாப்புதான், ஆனால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது திருத்தம் எழுதியதற்குப் பிந்தைய நாட்கள். பெரும்பாலானோர் அப்டேட் செய்யும்வரை ஓட்டையின் விவரத்தை கூகுள் பூட்டி வைக்கும். ஆனால் நிரல் பொதுவெளியில் இருக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த வரி மாறியதோ அங்கேதான் ஓட்டை என்பது விவரம் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும். திருத்தமே தாக்குபவருக்கு வழிகாட்டி ஆகிவிடுகிறது. நிரலில் திருத்தம் ஏறுவதற்கும் அது பயனரிடம் வருவதற்கும் குரோமில் ஒரு காலத்தில் சராசரியாக 35 நாள் ஆனது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்டேட் விடத் தொடங்கியதும் அது 15 நாளாகக் குறைந்தது. அதுவும் போதாது என்று 2023 ஆகஸ்டில் வாரம் ஒருமுறை என்று மாற்றினார்கள். நல்ல முடிவு.

அதே வெப்பி நிரல் ஏராளமான மற்ற செயலிகளுக்குள்ளும் இருந்தது. குரோமைச் சரிசெய்தால் அவை சரியாகிவிடாது. ஒவ்வொன்றும் தனியாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

கடைசிக் கட்டம் நம் கையில். கணினியில் அப்டேட் தானாகவே இறங்கிவிடும், ஆனால் பிரவுசரை மூடித் திறக்கும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரல்தான். குரோமின் மூலையில் அந்த அறிவிப்பு முதலில் பச்சை, சில நாளில் ஆரஞ்சு, ஒரு வாரம் போனால் சிவப்பு. திறந்து வைத்த டேப் எல்லாம் போய்விடுமே என்றுதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்த அறிவிப்பை அழுத்தி மறுதொடக்கம் செய்தால் அவை திரும்ப வந்துவிடும். இன்காக்னிட்டோவில் திறந்தவை மட்டும் வராது.