பத்து அடி உயர்த்தினால் போதாதா?

நகரத்தின் குடிநீர் பற்றிக் கூட்டம் நடந்தால் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "அணைதான் ஏற்கெனவே இருக்கிறதே, மேலே பத்து அடி கட்டினால் போதாதா?" தவறான கேள்வி இல்லை. இன்னொரு பள்ளத்தாக்கைத் தேடிப் போய் மூழ்கடிப்பதைவிட, இருக்கிற நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்குவதை முதலில் பார்க்கலாம் என்றுதான் அணைப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் நானும் சொல்வேன்.

பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரியும். அதனால் கடைசி சில மீட்டர்தான் ஏராளமான தண்ணீரைப் பிடிக்கும். ஆழத்தை 10 சதவீதம் கூட்டினால் நீளமும் அகலமும் அதேபோல் கூடும் என்று வைத்துக்கொண்டு 1.1 × 1.1 × 1.1 பெருக்கிப் பாருங்கள்: 1.33. ஆக, தோராயமாக மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு கூடும். கேட்க இனிக்கிறது, சரி. ஆனால் நீர் அணையைக் கவிழ்க்கப் பார்க்கும் திறனும் இதே கணக்கில்தான் ஏறுகிறது. தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு கூடினால், கவிழ்ப்பும் மூன்றில் ஒரு பங்கு கூடும்! அதனால் உயர்த்துவது என்றால் பெரும்பாலும் தலையில் நாலு வரிசை வைப்பதல்ல. அடியிலிருந்தே அணையின் முதுகைத் தடிமனாக்குவது.

அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்துக்கான சான் விசென்டே அணை 1943-ல் கட்டியது, சுமார் 67 மீட்டர் உயரம். 2014-ல் முடிந்த பணியில் இன்னும் 36 மீட்டர் ஏற்றினார்கள்; கொள்ளளவு இரண்டரை மடங்கைத் தாண்டியது. இம்மாதிரி வேலையில் பழைய காங்கிரீட்டும் புதிய காங்கிரீட்டும் ஒட்டும் இடம்தான் தலைவலி. பழையது என்றோ ஆறி அடங்கிவிட்டது. புதியது சூடேறி, ஆறும்போது சுருங்கும். ஒன்று சுருங்க, மற்றது அசையாமல் நிற்க, நடுவில் விரிசல். பழைய மேற்பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவதும் கலவையைக் குளிர்வித்து ஊற்றுவதும் இதற்காகத்தான்.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் வேறு வழி எடுத்தார்கள். காட்டர் அணைக்குக் கொஞ்சம் கீழே உயரமாகப் புதுச் சுவர் எழுப்பி, பழைய அணையையே தண்ணீருக்குள் விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ 400 கோடி லிட்டர் பிடித்த இடம் 2013-ல் 7,800 கோடி லிட்டராயிற்று.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நம் அணையையும் உயர்த்தலாம் என்று கிளம்பும் முன், பழைய பதிவேட்டைப் புரட்டுங்கள். எத்தனை வருடம் அணை நிரம்பி மறுகால் போயிருக்கிறது? பத்து வருடத்தில் ஒரு முறை என்றால், உயர்த்திய பகுதி மற்ற ஒன்பது வருடமும் வெயில் காயும். பானையைப் பெரிதாக்கினால் கிணறு ஊறாது. கொள்ளளவு எத்தனை கோடி லிட்டர் என்பதைவிட, மோசமான வறட்சியிலும் தினமும் எவ்வளவு எடுக்க முடியும் என்பதுதான் நகரத்துக்கு வேண்டிய எண். அதில் ஆவியாவதையும் கழிக்க வேண்டும். நீர்ப்பரப்பு விரிந்தால் அதுவும் கூடும். அப்புறம் வண்டல். பழைய கொள்ளளவு காகிதத்தில் இருப்பதுதான். இன்று உள்ளே எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று அளக்காமல் கணக்குப் போடக் கூடாது. புதிதாக மூழ்கும் நிலத்தில் மரஞ்செடிகளை அகற்றாமல் விட்டால் அவை அழுகி, அடித்தண்ணீரில் ஆக்சிஜன் போய், இரும்பும் மாங்கனீசும் கரைந்து குழாயில் பழுப்பாக வரும்.

எனக்கு அதிகம் பயம் முதல் நிரப்பின்போதுதான். உயர்த்திய ஒரு மண் அணையில் கொஞ்சம் ஏற்றுவது, நிறுத்துவது, கவனிப்பது என்று போய்க்கொண்டிருந்தோம். கரையின் அடிவாரத்தில் கசிவை அளக்க V வடிவில் வெட்டிய தகடு ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் அதில் அளவு நேற்றைப் போலவேதான் இருந்தது. ஏதோ தோன்றி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் மெல்லிய மண் படலம். கசிவு கூடாமல் இருந்தாலும், தண்ணீர் கரையின் மண்ணைக் கொண்டு வருகிறது என்றால் விஷயமே வேறு. நிரப்புவதை நிறுத்தி, மட்டத்தைக் குறைத்து, அந்த இடத்தில் மணலும் ஜல்லியும் வடிகட்டியாக அடுக்கினோம். மறுபடி தெளிந்த தண்ணீர் வரும்வரை மட்டத்தை ஏற்றவில்லை.

அன்றுவரை எங்கள் பதிவேட்டில் கசிவின் அளவுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. மறுநாள் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டு, 'கலங்கல்' என்று தலைப்பு எழுதினேன்.