லிஃப்ட் செய்த பிக்கப்பில் ஸ்டீயரிங் டைட்டா? பம்பில் கைவைக்கும் முன்

"பெரிய டயர் போட்டா ஸ்டீயரிங் டைட்டாத்தான் சார் இருக்கும், ஓட்ட ஓட்டப் பழகிடும்." வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் மாட்டிய இடத்தில் இந்தப் பதிலைக் கேட்டவர்கள் நிறைய. இன்னொரு கடையில் காட்டினால் "பம்பு போச்சு" என்பார்கள், அதாவது திருப்ப உதவும் ஆயிலைத் தள்ளும் பவர் ஸ்டீயரிங் பம்பு. புதுப் பம்பு மாட்டிய பிறகும் டைட்டு அப்படியே நிற்கும். கோளாறு பம்பில் இருந்தால்தானே போவதற்கு?

முதலில் எப்போது டைட்டு என்று பிரித்துப் பாருங்கள். நின்ற இடத்தில் திருப்பும்போது மட்டும் கனம், வண்டி மெல்ல உருண்டதுமே இளகிவிடுகிறது என்றால் டயர், காற்று, ரிம், பவர் அசிஸ்ட் ஆகியவற்றில் தேடலாம். நாற்பது, ஐம்பது வேகத்திலும் டைட்டு, அல்லது வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை என்றால் டயர் மீது பழி போடாதீர்கள். ஏதோ ஒரு மூட்டு பிடிக்கிறது, அல்லது காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கெட்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஆபத்தானது இந்த இரண்டாவது வகைதான்.

காற்றிலிருந்து தொடங்குவோம். நின்ற இடத்தில் டயரைத் திருப்பத் தேவைப்படும் விசை, சக்கரத்தின் மேல் விழும் எடை கூடக் கூட ஏறும். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும். மணலுக்காக 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, ஊருக்குள் வந்து 32க்கு ஏற்ற மறந்தால், விசை ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். காற்றடித்துப் பார்க்கச் செலவே இல்லை. ஆனாலும் பலரும் கடைசியில்தான் செய்கிறார்கள்.

அடுத்தது ரிம். இசுசு வி-கிராஸ் போல 255/60 ஆர்18 டயரோடு வரும் பிக்கப்பில் 285/65 ஆர்18 ஏற்றினால் டயரின் விட்டம் 763 மி.மீட்டரிலிருந்து 828 ஆகிறது. உயரம் கூடியதால் மட்டும் ஸ்டீயரிங் கெடுவதில்லை. சக்கரம் திரும்பும் அச்சு மேலே உள்சாய்வாகவும் கீழே வெளிச்சாய்வாகவும் இருப்பதால், டயர் உயரமாகும்போது அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளி சில மி.மீ. வெளியே போய் டயரின் நடுக்கோட்டை நெருங்கும். அது நல்லதுதான். கெடுப்பது ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் வளையம். புது டயர் உள்பக்கம் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மில் உரசுகிறது என்று 30 மி.மீ. ஸ்பேசரோ, சக்கரத்தை வெளியே தள்ளும் ஆஃப்செட் குறைந்த ரிம்மோ போடுவார்கள். அப்போது டயரின் நடுக்கோடு அச்சை விட்டு 30 மி.மீ. வெளியே தள்ளிப் போகிறது. அதன் பிறகு சக்கரம் அந்த அச்சைச் சுற்றி வட்டம் போட்டபடிதான் திரும்பும். குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கையில் உதைப்பதும் இதனால்தான். பழைய ஸ்டாக் சக்கரங்கள் வீட்டில் கிடந்தால் முன்னால் இரண்டை மட்டும் மாட்டி, முன் சக்கர டிரைவைப் போடாமல், நின்ற இடத்தில் திருப்பிப் பாருங்கள். கனம் முழுதும் போய்விட்டால் பம்பு, ரேக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவலமாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பாகம்) எதையும் தொட வேண்டாம்.

போகவில்லையா? முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஸ்டீயரிங் பூட்டாத இடத்தில் வைத்து, ஸ்டீயரிங்கை லாக்கிலிருந்து லாக் வரை (ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசி வரை) மெதுவாகச் சுற்றுங்கள். ஆயில் தள்ளுவதால் ஒரே சீரான லேசான கனம் இருக்கும், அது சரி. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அரைச் சுற்றுக்கு ஒன்றாகப் பிடித்துப் பிடித்து விட்டால், வீலிலிருந்து ரேக்குக்குப் போகும் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் யூ-ஜாயின்ட் (கோணத்தில் மடங்கிச் சுழலும் மூட்டு) கிராஸ் துருப்பிடித்திருக்கிறது, அல்லது கோணம் அதிகமாகிவிட்டது.

இங்கே எந்த லிஃப்ட் என்பது முக்கியம். பாடி லிஃப்டில் கேபினும் ஸ்டீயரிங் காலமும் (வீலைத் தாங்கும் தண்டு) மேலே போகும். ரேக் சேஸிஸிலேயே இருக்கும். அதனால் ஷாஃப்ட் இழுபட்டு யூ-ஜாயின்ட் கோணம் மாறும். சஸ்பென்ஷனை மட்டும் உயர்த்தியிருந்தால், ரேக்கைக் கழற்றி இறக்காத வரை, அந்த ஷாஃப்ட் அசையவே இல்லை. அங்கே ரேக்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் தண்டின் முனையான டை ராட் எண்டும், சஸ்பென்ஷன் ஆர்ம் முனையிலுள்ள பால் ஜாயின்ட்டும்தான் சாய்ந்து வேலை செய்கின்றன. முறுக்குக் கம்பி ஸ்பிரிங்கான டார்ஷன் பாரை அளவுக்கு மேல் முறுக்கி ஏற்றிய வண்டியில் மேல் பால் ஜாயின்ட்டின் தண்டு தன் கிண்ணத்தின் விளிம்பிலேயே முட்டும். ரப்பர் பூட்டை விலக்கிப் பார்த்தால் தண்டின் கழுத்தில் பளபளவென்று தேய்ந்த தடம் தெரியும்.

எந்த மூட்டு என்று உறுதிசெய்ய, இரு பக்க டை ராட் எண்டையும் நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) கழற்றுங்கள். நக்கிளைக் கையால் திருப்பும்போது கனமாக இருந்தால் பால் ஜாயின்ட். அது லேசாக, ஸ்டீயரிங் மட்டும் இன்னும் கனமாக இருந்தால் ரேக் அல்லது காலம். அடுத்து ஷாஃப்ட்டை ரேக்கிலிருந்து பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் இரண்டு துண்டிலும் பெயின்ட் கோடு போட்டு, ஸ்டீயரிங் வீலை சீட் பெல்ட்டால் இறுகக் கட்டிவிடுங்கள். வீல் தனியாகச் சுற்றிவிட்டால் ஏர்பேக்குக்கு மின் இணைப்பு தரும் சுருள் ஒயரான கிளாக் ஸ்பிரிங் அறுந்துவிடும். ஒரு சின்ன வேலைக்குப் பெரிய செலவு.

மூட்டுகள் எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் பம்பின் முறை. ஆயில் மட்டம், நுரை, பெல்ட் ஆகிய மூன்றும் முதலில். முழு லாக்கில் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. ஆயில் நுரைத்திருந்தால் காற்று ஏறியிருக்கிறது: முன் சக்கரம் தூக்கிய நிலையில், இன்ஜின் அணைத்தபடி, லாக் டு லாக் இருபது தடவையாவது மெதுவாகச் சுற்றி, இடையிடையே ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பம்புக்கும் ரேக்குக்கும் நடுவில் வால்வுள்ள பிரஷர் கேஜ். ஐடிலில் வால்வை மூடி ஐந்து நொடிக்குள் திறந்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் பம்பு எரியும். மூடியபோது மேனுவலில் உள்ள அழுத்தம் வராவிட்டால் பம்பு. மூடும்போது வந்து, வால்வைத் திறந்து முழு லாக்கில் பிடிக்கும்போது குறைந்தால் ரேக்கின் உள் சீல் கசிகிறது. எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் என்றால் ஆயிலே கிடையாது. பேட்டரி வோல்டேஜையும், தொடர்ந்து திருப்பும்போது மோட்டார் சூடேறி உதவியைக் குறைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

காஸ்டரைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. காஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், நேருக்குத் திரும்பாது, ஹைவேயில் அலையும். கூடினால்தான் கனம். மஹிந்திரா எம்எம் 540 போன்ற லீஃப் ஸ்பிரிங் ஜீப்பில் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைக்கும் ஆப்பைத் திசை மாற்றி வைத்துவிட்டால், ஒன்று அலையும், இல்லையென்றால் கனக்கும். அதனால் அலைன்மென்ட் கடையில் "டோ மட்டும் பார்த்தேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டோ என்பது மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு மட்டுமே. காஸ்டரின் எண்ணை இரு பக்கமும் பிரின்டில் கேளுங்கள். நடுக்கத்தை அடக்க ஸ்டீயரிங்கில் ஷாக் அப்சார்பர் போன்ற டாம்பர் மாட்டச் சொல்பவர்களிடமும் இதே கேள்வி. டாம்பர் தன் பங்குக்குக் கனத்தைக் கூட்டும், தேய்ந்த மூட்டை மறைத்தும் வைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பார்க்கிங்கில் மட்டும் கனம் மிஞ்சினால், அது டயரின் உண்மையான கணக்கு. 285/65க்குப் பதில் 255/70 ஆர்18 போட்டால் உயரத்தில் இழப்பது 14 மி.மீ. தான், அகலத்தில் 30 மி.மீ. மிச்சமாகும். ஸ்பேசரையும் பெரும்பாலும் கழற்றிவிடலாம்.