தாளில் எழுதிய தீர்ப்பு

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளைக் கொடுத்து, தங்கள் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலும் அந்த வாக்கியத்தில் நடந்தது இருக்காது. நடந்ததைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே வழங்கிவிட்ட தீர்ப்புதான் இருக்கும்.

ஒரு தந்தை, 'என் மகன் என்னை மதிப்பதில்லை' என்று எழுதினார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 'மதிப்பதில்லை' என்பதை அடித்துவிட்டு, கடைசியாக அப்படித் தோன்றிய நாளில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள் என்றேன். வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர், 'வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் தேர்வைப் பற்றிக் கேட்டேன்; அவன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்' என்று எழுதினார். அதை இரண்டு முறை படித்துவிட்டு, 'நுழைந்ததும்' என்ற சொல்லின் கீழ் அவராகவே கோடு போட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. மகனின் மதிப்பை எப்படிப் பெறுவது என்பதற்கு என்னிடமும் விடை கிடையாது. ஆனால், வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடங்களில் எதைப் பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது என்பது அவர் கையில் இருந்தது.

பழகிய வழி கண்ணை எப்படி மறைக்கும் என்பதை உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட ஆய்வு எளிதாகக் காட்டுகிறது. 21, 127, 3 அளவு கொள்ளும் மூன்று சாடிகளைக் கொண்டு 100 அளவு நீர் எடுக்க வேண்டுமானால், பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரு முறையும் ஊற்றிவிட வேண்டும். இதே வழியில் தீரும் கணக்குகளைப் போட்டுப் பழகியவர்களிடம் 23, 49, 3 அளவுள்ள சாடிகளைக் கொடுத்து 20 கேட்டபோது, 23இலிருந்து 3ஐக் கழித்தால் போதும் என்பது பலருக்குத் தோன்றவேயில்லை. 49இல் தொடங்கிச் சுற்றி வளைத்தே வந்து சேர்ந்தார்கள். இத்தனைக்கும் அவர்களுடைய விடை சரியானதுதான். சரியான விடை கிடைத்துக்கொண்டே இருப்பதால்தான் நீண்ட வழி நம்மை விடுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதும்போது நானும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறேன். அண்மையில் ஒரு கட்டுரையின் ஐந்தாம் பத்தி மூன்று நாட்களாக நகராமல் நின்றது. வாக்கியங்களை மாற்றினேன், உதாரணத்தை மாற்றினேன், வழக்கம்போல் தேநீரின் மீது பழி போட்டேன். கோளாறு இரண்டாம் பத்தியில் இருந்தது: 'எல்லாப் பெற்றோருக்கும் பொருந்தும்' என்று அங்கே வாக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்ற முடியாமல்தான் ஐந்தாம் பத்தியில் திணறிக்கொண்டிருந்தேன். 'எல்லா' என்பதை எடுத்த பிறகு மீதி அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஆனாலும் தாளும் பேனாவும் எல்லோருக்கும் எப்போதும் உதவும் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு நாட்கள் எழுதியும் முதல் நாள் வாக்கியமே சொல் மாறாமல் திரும்பி வருகிறதென்றால், அது சிந்திப்பதல்ல, உழல்வது. அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் பேச வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வும் தூக்கமின்மையும் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலோ, நோட்டை மூடிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.