சேலம் வக்கீல் கொண்டுவந்த கடன் சட்டம்

கடன் வாங்கும்போது எழுதித்தரும் புரோநோட்டு தொடர்பான வழக்கோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான். "வாங்கினதுல ரெண்டு மடங்கு கட்டிட்டேன் சார், கடன் கொடுத்தவர் அசல் அப்படியே நிக்குதுங்கிறார்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ராஜாஜி நினைவுக்கு வருவார்.

1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர் அவர். தொழில் நன்றாக நடந்தது. 1917இல் நகராட்சித் தலைவர் ஆனார். அப்புறம் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கோர்ட்டையே விட்டுவிட்டார். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமர். முதல்வர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். மறு வருடமே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது.

அதன் 8ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் ஒரு விவசாயி வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கட்டியது அசலுக்கா வட்டிக்கா என்ற தகராறுக்கே அங்கே இடமில்லை. கடன் வழக்குகளைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரின் அனுபவம் இதில் இருப்பதாகவே நான் நம்புகிறேன்.

இன்று கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற அநியாய வட்டி வகைகள் எல்லாவற்றையும் தடுக்க 2003ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. ஆனால் கோர்ட்டில் கையில் ஆதாரம் வேண்டும். ரெவென்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து மட்டும் போட்டு வெற்றுத் தாளாகக் கொடுத்துவிட்டால், அதை நிரப்பிக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்குச் சட்டமே அனுமதி தருகிறது. பணம் கைமாறியது என்றுதான் கோர்ட்டும் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டிய பாரம் உங்கள் தலையில்.

தயவுசெய்து தொகை எழுதாத நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுகிற பணத்தை வங்கி வழியாகக் கட்டுங்கள். கையில் கொடுத்தால், நோட்டின் பின்பக்கம் உங்கள் கண் முன்னால் வரவு எழுதச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்த அன்றே நோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

இப்போது நான் நடத்தும் ஒரு வழக்கில் கட்சிக்காரர் இரண்டு வருடம் மாதாமாதம் கையில் பணம் கொடுத்திருக்கிறார். தாக்கலான நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு வரவுகூட இல்லை. முன்பக்கம் கையெழுத்து ஒரு மையில், தொகை வேறொரு மையில். அடுத்த வாய்தாவில் கடன் கொடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். பணம் கொடுத்த தேதிகளைக் கட்சிக்காரரின் மனைவி தினசரி காலண்டர் தாள்களில் குறித்து வைத்திருந்தார். அந்தத் தாள்கள்தான் என்னிடம் இருக்கின்றன.