கருத்துக் கேட்பு ஓட்டுப்பெட்டி அல்ல

"ஊரே கையெழுத்து போட்டுக்குது சார். இதுக்கு மேல இன்னா வோணும்?"

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் என் மேஜைமேல் ஒரு காகிதக் கட்டை வைத்தார். நானூறு சொச்சம் தாள்கள். எல்லாம் ஒரே மனுவின் ஜெராக்ஸ். பெயரும் கையெழுத்தும் மட்டும் வேறு வேறு. ஓர் அணையில் தண்ணீர் திறக்கும் முறையை மாற்றுவது பற்றி ஆய்வு நடக்கிறது, எழுத்து மூலம் கருத்துக் கேட்டிருந்தார்கள். கடைசித் தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. தாள்கள் மடங்காமல் இருக்க, அடியில் அட்டைக்குப் பதிலாகப் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்துக் கட்டியிருந்தார். புரட்டினேன். பதினெட்டு வருஷமாகத் தன் கிணற்றில் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று மாதாமாதம் குறித்து வைத்திருக்கிறார். பக்கத்திலேயே கால்வாயில் தண்ணீர் வந்த நாள், நின்ற நாள்.

"அது நம்ம சொந்தக் கணக்கு சார். மனு மேல கீது பாருங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆய்வு செய்பவர்கள் தேடி அலைந்தாலும் கிடைக்காத கணக்கு அது. அதை அட்டையாக வைத்துவிட்டு, ஜெராக்ஸை மனுவாகக் கொடுக்கிறார்.

சுற்றுச்சூழல் அறிக்கைகள் தயாரிப்பது என் தொழில். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று எங்கே போனாலும் இதே கதைதான். ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அந்தக் கருத்துக் கேட்பு என்றால் தேர்தல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தலை எண்ணுவார்கள், அதிகம் பேர் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை. அதனால்தான் லாரி வைத்து ஆள் கூட்டுகிறார்கள். எதிர்த்தரப்பும் கூட்டுகிறது. மைக்கைப் பிடுங்குகிறார்கள், நாற்காலி பறக்கிறது. இன்னொரு பக்கம், யாருமே போகாவிட்டால் கூட்டம் செல்லாது என்று சொல்லி ஊரையே வீட்டில் உட்காரவைக்கிறவர்களும் உண்டு.

இரண்டுமே தவறு. இந்தக் கேட்பை எப்படி நடத்துவது என்று சொல்லும் மத்திய அரசின் விதி, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அது, கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தே ஆகவேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். அங்கே வாக்கெடுப்பும் கிடையாது. பிறகு என்ன நடக்கிறது? எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து ஓர் அட்டவணை போடுகிறோம். இடப்பக்கம் மக்கள் சொன்னது, வலப்பக்கம் அதற்குப் பதில். நானூறு ஜெராக்ஸும் அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரி. "விவசாயிகளின் நலன் கருத்தில் கொள்ளப்படும்" என்று எதிரில் எழுதினால் அந்த வரி முடிந்தது. அப்படி முடிந்துபோன வரிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

ஆனால், "கால்வாயில் சன்னமாகப் பத்து நாள் விட்ட வருஷம் என் கிணறு ஆறு படி ஏறியது, மூன்றே நாளில் மொத்தமாக விட்ட வருஷம் இரண்டு படிதான்" என்று ஒருவர் தேதியோடு எழுதிக்கொடுத்தால், அதை ஒற்றை வரியில் தள்ள முடியாது. திரும்பக் கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

இதை வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு நாடு முழுக்க இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது? திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கு இருக்கிறது. எண்ணியது கிணறுகளை.

அணை விஷயத்தில் ஒரு பெரிய குறையும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணை 1963இல் தண்ணீர் தேக்கத் தொடங்கியது. மின்சாரத் தேவைக்கேற்பத் தண்ணீரை ஏற்றி இறக்கி விட்டதில் கீழே ஆற்றின் மணல் திட்டுகள் கரைந்தன. கட்டி முப்பது வருஷம் ஆன அணையில் தண்ணீரை எப்படித் திறப்பது என்பதற்காகவே தனி ஆய்வு நடத்தி, மக்களிடம் கருத்துக் கேட்டு, 1995இல் அறிக்கை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ஒரு வாரம் வினாடிக்கு 45,000 கன அடி திறந்துவிட்டு, மணல் திரும்பப் படிகிறதா என்று சோதித்தார்கள். நம் அறிவிக்கையோ அணை கட்டும்போது கேட்பதோடு சரி. பாசனத் திட்ட நவீனமயமாக்கலுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கே கொடுத்திருக்கிறது. குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை நிரம்பினால் உபரி தானாக வழிந்து கவுண்டன்யா ஆற்றில் இறங்கிவிடும். வலது, இடது கால்வாய்களில் எப்போது, எத்தனை நாள் விடுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. பெரியவர் விஷயத்தைப் போல ஆய்வு செய்பவர்களே கேட்டால் உண்டு. இல்லாவிட்டால் அதைப் பற்றிப் பேச நமக்கு இருக்கும் இடங்கள் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டமும் கிராம சபையும்தான். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்றைக்காவது போய் உட்காருங்கள்.

முறையான கருத்துக் கேட்பு வந்தால் 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரவேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பேசினால் மட்டும் போதாது, எழுதியும் கொடுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில், ஒரு பக்கம் போதும். நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். பேசி முடித்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள்: கடைசியில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசிப்பார்கள், நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லவேண்டும். தயவுசெய்து பெண்களைப் பேசவிடுங்கள். எந்த மாதம் குழாயில் தண்ணீர் நின்றது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பெரியவரின் நோட்டை எதிர்க் கடையில் இரண்டு பிரதி எடுக்கச் சொன்னேன். கெடு தாண்டியதற்குக் காரணம் சொல்லி, அவர் பெயரிலேயே ஒரு பக்கக் கடிதம் எழுதி, பிரதியை இணைத்தோம். ஏற்பார்களா என்று இன்னும் பதில் வரவில்லை. அசல் நோட்டை அவரிடமே கொடுத்தேன். இந்த மாதத்துக்கு இன்னும் படி எண்ணவில்லையாம்.