டி-ஷர்ட்டில் நடு எங்கே இருக்கிறது?

காகிதத்தில் அச்சடிக்கும்போது நான்கு ஓரமும் நேராக இருக்கும், ஏதாவது ஒன்றிலிருந்து அளந்தால் போதும். டி-ஷர்ட்டில் அப்படி நம்பி அளக்கக்கூடிய ஓரமே கிடையாது. டிசைன் கோணலாக விழுவதற்கு முதல் காரணம் இதுதான், கை நடுக்கம் எல்லாம் அப்புறம்.

பனியன் துணியைப் பெரும்பாலும் வட்டப் பின்னல் எந்திரத்தில் குழாய் போலப் பின்னுகிறார்கள். நூலில் இருக்கும் முறுக்கு தளரப் பார்க்கும்போது கண்ணிகளின் வரிசை மெல்லச் சாய்ந்துவிடும். சில சட்டைகளில் துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி நிற்பது இதனால்தான். ஆகவே பக்கத் தையலையோ கீழ் மடிப்பையோ மட்டும் வைத்து நடுவைக் கண்டுபிடிக்காதீர்கள். கழுத்து லேபிளும் அப்படித்தான், அது கொஞ்சம் தள்ளித் தைக்கப்பட்டிருக்கலாம். சட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, தோள் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அக்குள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் வரும்படி வைத்து, ஹீட் பிரஸ்ஸில் (சூடான தட்டால் அழுத்தும் எந்திரம்) லேசாக அழுத்தினால் விழும் மடிப்புக் கோடுதான் நம்பகமான நடு.

உயரம் வேறு கதை. மேசையில் விரித்த சட்டையின் நட்டநடுவில் டிசைனை வைத்தால், போட்டுக்கொண்டதும் அது வயிற்றில் போய் உட்காரும். பெரிய முன்பக்க டிசைனின் மேல் விளிம்பை கழுத்துப் பட்டிக்குக் கீழே சுமார் 3 அங்குலத்தில் வைப்பது பரவலான வழக்கம். இடது மார்பில் வரும் சின்ன லோகோவுக்கு, அதன் மையம் நடுக்கோட்டிலிருந்து 4 அங்குலம் தள்ளி இருந்தால் பொதுவாகச் சரியாக வரும். இடது என்றால் போட்டிருப்பவரின் இடது, எதிரில் நிற்பவருடையது இல்லை.

பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், சாய்வுதான் கண்ணை உறுத்தும். 30 செ.மீ. அகல எழுத்து வரி 1 டிகிரி திரும்பினால் ஒரு முனை மற்றதைவிட 5 மி.மீ. தாழ்ந்துவிடும், அது மேலே இருக்கும் கழுத்துப் பட்டியோடு ஒப்பிடும்போது பளிச்சென்று தெரியும். இன்னொன்றும் உண்டு: கணினி காட்டும் மையம் டிசைனைச் சுற்றியுள்ள பெட்டியின் மையம். ஒரு பக்கம் கனமான உருவமும் மறுபக்கம் மெல்லிய வாலும் இருந்தால் கண் தேடுவது கனத்தின் மையத்தை, அதனால் உருவத்தைச் சற்று நடுப்பக்கம் இழுத்து வைப்பதுதான் சரி என்பேன்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையைத் தள்ளி அச்சடிப்பதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். பல நிறம் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது, ஏனென்றால் இப்போது ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்தோடு சரியாகப் பொருந்தி விழ வேண்டும். ஸ்கிரீன்களை ஒன்றோடொன்று பொருத்த, அவற்றில் படத்தை ஏற்றும் ஃபிலிமில் குறுக்குக்கோட்டுக் குறிகள் இருக்கும், சட்டையை மாட்டும் பலகையில் தடவிய பசை துணியை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படியும் பிசகுகிறதே! பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதன் எடையில் 7, 8 சதவீதம் வரை. அடர்நிறச் சட்டையில் அடித்தளமாக முதலில் அடித்த வெள்ளை மையை ஃபிளாஷ் (மையைச் சட்டென உலர்த்தும் ஹீட்டர்) சூட்டில் உலர்த்தும்போது அந்த ஈரம் வெளியேறி துணி கொஞ்சம் சுருங்கிவிடும், அடுத்த நிறம் பழைய அளவிலேயே வந்து இறங்கும். முன்கூட்டியே பலகைகளைச் சூடாக்கிக்கொண்டு, மை படுவதற்கு முன்பே வெறும் சட்டையை ஒரு சுற்று ஃபிளாஷில் காட்டிவிட்டால் சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி அப்போதே சுருங்கிவிடும். ஸ்கிரீனின் வலை தொய்ந்திருந்தாலோ, துணிக்கும் வலைக்கும் இடைவெளி அதிகமாக இருந்தாலோ ஸ்க்வீஜி (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) இழுக்கும்போது வலையே நீண்டு படத்தை இழுத்துவிடும். இடைவெளி பொதுவாக 2, 3 மி.மீ. தாண்டக்கூடாது.

இவ்வளவு செய்தும் மிஞ்சும் மயிரிழைப் பிசகுக்கு டிசைனிலேயே இடம் விடுகிறார்கள்: அடியில் வரும் வெள்ளையை எல்லாப் பக்கமும் துளி சுருக்கி, மேலே வரும் நிறம் அதை முழுசாக மூடும்படி செய்வார்கள், கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை தெரியாது.